மூன்று நாள் காற்று

கார்த்திகை பிறந்தால் எருமப்பட்டிப் பக்கம் காற்று செத்துவிடும். ஆடியில் ஆளைத் தூக்கிப் போட்ட காற்று எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ தெரியாது. கொல்லிமலையிலிருந்து இறங்குகிற பனி, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி மேலே உட்கார்ந்துகொள்ளும். கீழே எது புகைந்தாலும் புகைந்த இடத்திலேயே கிடக்கும். கரும்புச் சோகையைக் கொளுத்துகிறவன் கொளுத்துவான். ரோட்டோரக் குப்பைக்குத் தீ வைக்கிறவன் வைப்பான். அதெல்லாம் நாலு நாள் பீடை. செங்கோடன் வீட்டுக்கு வாய்த்தது நாலு மாதப் பீடை.

வீட்டுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் தனபாலின் தீவன மில். கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் அரைத்துக் கொடுக்கிற மில். வருசம் முழுக்க ஓடுவதுதான். ஆனால் சோள அறுப்பு வந்துவிட்டால் அதற்குப் பேய் பிடிக்கும். ஈரச் சோளத்தை ஏற்றிக்கொண்டு லாரிகள் பொழுதோடு வந்து வரிசை கட்டும். சோளம் காய வைக்கிற டிரையரில் பொழுது சாயத் தீ மூட்டினால் விடியும்வரை எரியும். எரிப்பது மணி உதிர்த்த கதிர்க்கட்டை. கட்டை நனைந்திருந்தால் கழிவு ஆயிலை ஊற்றிப் பற்ற வைப்பார்கள். புகை ஒரு பக்கம். சோள மணியிலிருந்து உரிகிற செந்தோல் ஒரு பக்கம். கொசுச் சிறகு கனம்கூட இல்லாத அந்தத் தோல் பறந்து வந்து குடத்துத் தண்ணீரில் ஆடை கட்டும். எருமை முதுகில் விரலால் கோடு போடலாம். அரிசியும் பருப்பும் பொங்கி இறக்கி, மூடியைத் திறந்து மூடுவதற்குள் மேலே நாலு தோல் உட்கார்ந்திருக்கும். குப்பாயி அதைக் கரண்டி நுனியால் எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறுவாள். எத்தனையைத்தான் எடுப்பது. தட்டுக்கு வந்ததை எடுக்கலாம். நெஞ்சுக்குள் போனதை யார் எடுப்பது.

குப்பாயி, செங்கோடனின் சம்சாரம். அறுபத்திரண்டு வயது. மில் வந்து எட்டு வருசம், அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து ஐந்து வருசம். பங்குனியில் காற்று எழும்பினால் நல்ல மனுசியாகிவிடுவாள். கார்த்திகையில் திரும்ப நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்த ஆரம்பிக்கும். கட்டுத்தறையில் பால் கறக்கும்போது நனைத்த துண்டை மூக்குக்குக் கட்டிக்கொள்வாள். கறந்து முடித்து அவிழ்த்தால் மூக்கு இருந்த இடத்தில் துண்டு கறுத்திருக்கும். அதைத் துவைத்து மறுநாளைக்குக் காயப் போடுவாள்.

மகள் அறிவுச்செல்வி சேலத்தில் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறாள். அவள்தான் போன கார்த்திகையில் அம்மாவை வம்பாகக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இதே புகையில் இன்னும் ஒரு மார்கழி, மிஞ்சினால் ரெண்டு, அதற்குமேல் இந்த நெஞ்சு தாங்காது, ஒன்று புகையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்புங்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டார். உறிஞ்சுகிற மருந்து ஒன்றும் எழுதிக் கொடுத்தார். குப்பாயி மகள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். இளைப்பே இல்லை. பத்தாம் நாள் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"அங்க மூச்சு நல்லாத்தான் வருதுங்க. மூச்சு உட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்து என்ன பண்றது?" என்றாள். வந்ததும் வராததுமாக எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஆக, அவள் கிளம்ப மாட்டாள். மிச்சம் இருந்தது புகையை நிறுத்துவதுதான்.

செங்கோடன் மூணாவது வரைக்கும் படித்தவர். யாரையும் நம்ப மாட்டார். ரேசன் அரிசியை வீட்டுக்கு வந்து தன் தராசில் மறுபடி நிறுப்பார். மருந்துக்கடையில் கொடுத்த பில்லை இன்னொரு கடையில் காட்டி விலை கேட்பார். பாங்கியில் அச்சடித்துக் கொடுத்த பாஸ்புத்தகத்தை, ஏமாற்றுகிறவன் அச்சிலும் ஏமாற்றுவான் என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் படித்துக் காட்டச் சொல்வார். எவனைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "காசு வாங்கியிருப்பான்" என்று முடிப்பார். பாதிக்குப் பாதி சரியாகத்தான் இருக்கும். அதனால் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவேயில்லை.

அவர் தனபாலிடம் போனார். தனபால் பங்காளி, வயதில் இளையவன். மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். புகைபோக்கியை உயர்த்து, தோல் பறக்காமல் வலை கட்டு, கழிவு ஆயில் ஊற்றுவதை நிறுத்து என்று செங்கோடன் மூன்று சொன்னார். தனபால் மூன்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் நாற்பது குடும்பம் இதில் பிழைப்பதைச் சொன்னான். கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏனுங்ணா, போன வருசம் உங்க சோளம் மழைல மாட்டி மொளைக்கற பதத்துக்கு வந்துச்சுங்களே, அது எந்தப் பொகையில காஞ்சுதுங்?"

செங்கோடனின் இரண்டு ஏக்கர் சோளமும் இந்த மில்லில்தான் காய்ந்தது, இந்த மில்லுக்குத்தான் போட்டார்.

"காஞ்சுதுடா, இல்லைங்கல. அதுக்குன்னு அவளையும் சேத்துக் காயப் போட்டுட்டயே" என்று எழுந்து வந்துவிட்டார். டீயைத் தொடவில்லை.

திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் போய் மனுக் கொடுத்தார். மகள் போனில் சொல்லச் சொல்ல, மனு எழுதுகிறவன் எழுதினான். எழுதியதை இன்னொருவனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ரசீது காணாமல் போகும் என்று அதைப் போட்டோ பிடித்து மகளுக்கு அனுப்ப வைத்தார். இதெல்லாம் ஒன்றும் நடக்காது என்றுதான் செய்தார். ஆனால் நடந்தது. மார்கழி பிறந்து பத்து நாளில் ஒரு வண்டி வாசலில் வந்து நின்றது.

இறங்கியவன் குருமூர்த்தி. காற்றை அளக்கிற ஆபீஸ்காரன், முப்பது வயது இருக்கும், ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஊர். அவனும் டிரைவருமாக ஓர் இரும்புப் பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். இடுப்பு உயரம். தலையில் சின்ன வீட்டுக்குக் கூரை போட்ட மாதிரி ஒரு தகரம், தகரத்துக்குக் கீழே சாண் அகலச் சந்து. அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்குமாம். உள்ளே வெள்ளைத் தாள் இருக்குமாம். தாளில் ஒட்டுகிற தூசியை நிறுத்துப் பார்த்தால் இந்த வீட்டுக் காற்று எத்தனை கெட்டது என்று தெரிந்துவிடுமாம். மூன்று நாள் ஓடும். காலையில் ஒரு தாள், பொழுது சாய ஒரு தாள், தானே வந்து மாற்றுவேன், வேறு யாரும் தொடக் கூடாது என்றான். இந்த அளவை வைத்துத்தான் மில்லுக்கு லைசென்ஸைப் புதுப்பிப்பதா, டிரையரை இடம் மாற்றச் சொல்வதா என்று முடிவாகும் என்றும் சொன்னான்.

"தம்பி, நெசமா நிறுப்பீங்களா, இல்லை எழுதிக்குவீங்களா?" என்று செங்கோடன் முகத்துக்கு நேரே கேட்டார்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தாள்மேல் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டி, குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒத்துப் பார்க்கலாம் என்றான். செங்கோடன் நிஜமாகவே ஆறு தாளின் எண்ணையும் குறித்துக்கொண்டார். குப்பாயி சொம்பில் மோர் கொண்டு வந்தாள். வேலைக்கு வந்த இடத்தில் எதுவும் வாங்கிக் குடிப்பதில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். செங்கோடனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆபீஸ்காரனைப் பிடித்துப்போனது.

ஆனால் தனபாலை நம்ப முடியுமா? ஆளை விட்டு மெசினில் தண்ணீர் ஊற்றிவிட்டால்? வயரைப் பிடுங்கிவிட்டால்? செங்கோடன் மாடிப்படிக்குக் கீழே கயிற்றுக்கட்டிலைப் போட்டு, கையில் தடியோடு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கேதான். படுக்கை அங்கேதான். மூன்று நாளும் காட்டுப் பக்கம் போகவில்லை. முட்டி வலியால் படி ஏற முடியாது. ஏற வேண்டிய தேவையும் இல்லை. மேலே ஓடுகிற சத்தம், தூரத்து மாவு மில் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் அவருக்கு நிம்மதி.

தனபால் ஒருநாள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, காத்துக்குக் காவலுங்களா?" என்று கேட்டான். ஆனால் டிரையரை அவன் நிறுத்தவில்லை. பதினோரு லாரி ஈரச் சோளம் வந்து கிடந்தது, நிறுத்தினால் அத்தனையும் பூஞ்சை பிடிக்கும். மூன்று நாளும் விடிய விடிய எரிந்தது. மார்கழிப் பனியும் அந்த மூன்று நாளும் வஞ்சகம் இல்லாமல் இறங்கியது. காலையில் எட்டு மணிக்கு வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. குப்பாயி பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் இரண்டு தடவை நின்று மருந்தை உறிஞ்சிக்கொண்டாள். செங்கோடன் புகையைப் பார்த்துப் பார்த்து, "எரிடா, நல்லா எரி" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். எட்டு வருசத்தில் அந்தப் புகையைப் பார்த்து அவர் சந்தோசப்பட்டது அந்த மூன்று நாள்தான்.

மொட்டைமாடியில் துவரை காயப் போட்டிருந்தது. பனிக்கு நனைந்துவிடும் என்று குப்பாயி பொழுதோடு ஏறிப் படுதா போட்டு மூடுவாள். விடிந்ததும் ஏறி எடுப்பாள். நாலு படிக்கு ஒருதரம் நின்று, சுவரைப் பிடித்து, இளைத்து இளைத்து ஏறுவாள். கையில் படுதாவோடு நனைத்துப் பிழிந்த ஏதோ துணியும் இருக்கும். இந்த மூச்சை வைத்துக்கொண்டு எதற்கு ஏறுகிறாய், துவரை போனால் போகட்டும் என்று செங்கோடன் கட்டிலில் இருந்தே வைதார். "இதா ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள்.

நாலாம் நாள் காலையில் குருமூர்த்தி கடைசித் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். முகம் சரியில்லை. குப்பாயி அப்போது பால் ஊற்றப் போயிருந்தாள்.

"ஐயா, ராத்திரி டிரையர் ஓடுச்சுங்களா?"

"கண்ணு இல்லையா உனக்கு? ஊரே மூடிக் கெடக்குது."

"அதுதாங்க புரியல. பகல் தாள்லயாவது கொஞ்சம் நெறம் இருக்குது. ராத்திரித் தாள் மூணும் வெள்ளையா இருக்குது. மெசின் மேல யாராவது எதையாவது மூடினாங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னும் மூணு நாள் ஓட்டிட்டு எடுத்துக்கறேன். இன்னைக்கு எடுத்துட்டுப் போனா, திரும்பக் கொண்டு வர்றது என் கையில இல்லை."

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. பையன் ஏமாற்றுவதற்கு வழி தேடுகிறான் என்று பட்டது. மோர் வேண்டாம் என்றபோதே நினைத்திருக்க வேண்டும். காவல் இருந்தவனையே குற்றம் சொல்லி, மனுவைத் தள்ளப் பார்க்கிறான்.

"தம்பி, மூணு நாளா இந்தக் கட்டில உட்டு நான் எந்திரிக்கல. ஒரு ஈ மேல ஏறல. எவன்கிட்ட வேணாலும் எழுதிக் குடுக்கறேன்."

அவன் ஒரு தாளை நீட்டினான். மெசினை யாரும் தொடவில்லை, மூடவில்லை என்று அதில் எழுதியிருந்தது. செங்கோடன் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டார்.

மாசி பிறந்தது. அறுப்பு முடிந்து டிரையர் அணைந்தது. தபாலில் ஒரு கவர் வந்தது. மகள் போனில் படித்துச் சொன்னாள். மனுதாரர் வீட்டில் மூன்று நாள் அளந்ததில் காற்று அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, மனு முடித்துவைக்கப்படுகிறது. அதே வாரம் தனபால் மில் வாசலில் தோரணம் கட்டினான். லைசென்ஸ் ஐந்து வருசத்துக்குப் புதுப்பித்தாயிற்று.

செங்கோடன் நாமக்கல் போனார். ஆபீஸில் பத்துப் பேர் முன்னால் குருமூர்த்தியைப் பிடித்துக்கொண்டு, எத்தனைக்கு வித்தாய் என்று கேட்டார். அவன் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டான். பீரோவிலிருந்து ஆறு தாளையும் எடுத்து மேசைமேல் பரப்பினான். செங்கோடன் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து எண்களை ஒத்துப் பார்த்தார். ஆறும் ஒத்திருந்தன. பகல் தாள் மூன்றும் சாம்பல் படிந்திருந்தன. இரவுத் தாள் மூன்றும் சோற்றுக் கஞ்சி மாதிரி இருந்தன.

"எனக்கும் இது சரியாப் படலைங்க. அதனாலதான் அன்னைக்கே கேட்டேன். நீங்க ஒரு ஈ ஏறலன்னீங்க. உங்களை நம்பித்தானுங்க ஐயா எழுதினேன்" என்றான்.

இனிமேல் அளக்க வேண்டுமென்றால் மேலே அப்பீல் போக வேண்டும், அங்கேயும் இந்தக் கையெழுத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள் என்றும் சொன்னான். செங்கோடன் வெளியே வந்தார். பையன் பேச்சில் பொய் தெரியவில்லை. பொய் தெரியாததுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது. அப்படியானால் தனபால்தான். எப்படி ஏறினான்? எப்போது ஏறினான்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மூன்று நாளையும் மணி மணியாக நினைத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். பஸ்ஸில் எவனோ வேட்டியில் வெற்றிலை துப்பியிருந்தான். மாற்றுவதற்குப் பெட்டியைத் திறந்து, மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த எட்டு முழ வேட்டியை உதறினார். பாதி உதறலிலேயே கை நின்றுவிட்டது. வேட்டியின் குறுக்கே சாண் அகலத்துக்கு ஒரு பட்டை. கறுப்புக் கரை போட்டு நெய்த மாதிரி, ஓரம்கூடப் பிசகாமல்.

"ஏப்புள்ள, இதென்ன கறை?"

குப்பாயி அடுப்படியிலிருந்து வந்தாள். வேட்டியைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் போலச் சிரித்தாள்.

"வையாதீங்க. மூணு தரம் தொவச்சுட்டன், சோப்புத்தான் கரையுது. கறை போகல."

"எப்புடி ஆச்சு?"

"அந்த மெசினுக்குச் சுத்துனனுங்க."

செங்கோடன் வேட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"ஊரான் பொருளு. லச்ச ரூவா இருக்கும்னு டிரைவரு சொன்னாரு. நம்ம மோட்டார்ப் பொட்டிக்கே சாக்குப் போத்தறம். அத அந்தப் பொகையில மொட்டையா உட்டா என்னத்துக்காகும்? தூசி ஏறிக் கெட்டுப்போனா அந்தப் பையனுக்கல்லவா வேலை போயிரும். பகல்ல பரவால்லைன்னு பொழுதோட மட்டும் நனச்சுச் சுத்துவன், அவுரு வாரதுக்குள்ள அவுத்துருவன். நமக்காச்சும் மூக்குக்குத் துணி கட்டத் தெரியுது. அதுக்கு ஆருங்க கட்டுவா?"

மூன்று அந்தி ஏறினாள், மூன்று விடியல் ஏறினாள். கையில் நனைத்த துணியோடு அவர் கட்டிலைத் தாண்டித்தான் ஏறினாள். ரேசன்காரன், மருந்துக்கடைக்காரன், பாங்கிக்காரன், பங்காளி, ஆபீஸ்காரன் என்று ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட மனுசன், கண்ணுக்கு முன்னால் ஆறு தடவை ஏறி இறங்கியவளை மட்டும் பார்க்கவில்லை. அவர் கணக்கில் ஈ என்றால் ஊரான். பொண்டாட்டி ஈயில் சேர்த்தி இல்லை.

"ஏனுங்க, தப்பாயிருச்சுங்களா?" என்றாள். சிரிப்பு போய்விட்டது.

செங்கோடன் வாயைத் திறந்தார். சொன்னால் இவள் அழ மாட்டாள். வைய மாட்டாள். போய் எருமைக்குச் சோளத்தட்டுப் போடுவாள், சோறு ஆக்குவாள். ஒவ்வொரு கார்த்திகையிலும் மூச்சு முட்டும்போது, இது நானே கட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டு முட்டுவாள். அந்த நினைப்பு புகையைவிடச் சீக்கிரம் ஆளைக் கொன்றுவிடும். இருக்கிற ஒரு மார்கழிக்கு அதையும் சேர்த்து வைப்பானேன்.

"தப்பென்ன. நல்லதுதான் பண்ணியிருக்கற" என்றார்.

"அப்பறம் ஆபீசுல என்னதான் சொன்னாங்க? மூணு நாளும் அந்தப் பொக பொகைஞ்சுதே, அந்தத் தாளுக்குத் தெரியாமயா போச்சு?"

வேட்டியை நாலாக மடித்தார். கறை உள்ளே போகும்படி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காசு வாங்கிட்டானாட்டம் இருக்குது."

ஐம்பது வருசமாக ஊரில் நூறு பேரைப் பற்றிச் சொன்ன வார்த்தை. ஒருதரம்கூட ருசு இருந்ததில்லை, ஒருதரம்கூட நாக்குத் தடுக்கியதும் இல்லை. இன்றைக்குத்தான் தடுக்கியது.

"அந்தப் பையனா? மோரு கூட வேண்டாம்னானே?"

"மோரு வேண்டாம்னவன் மத்ததையும் வேண்டாம்னிருப்பான்னு ஆரு கண்டா?"

குப்பாயி நம்பிவிட்டாள். நாற்பது வருசம் அவரோடு குடும்பம் நடத்தியவள், நம்பாமல் என்ன செய்வாள்? அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே போனார்.

மேற்கே நாமக்கல்லைப் பார்த்து நின்று, குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். எட்டு வருசச் சாம்பலும் சோளத்தோலும் கலந்து, மண் என்று பெயருக்கு இருந்த மண்.

"வேல செய்ய வந்த எடத்துல என்ற மூச்ச வித்தவன், அவனும் அவன் புள்ளகுட்டியும் இப்புடியே முட்டித் தவிக்கோணும்" என்று சொல்லி, கையை வீசித் தூற்றினாள்.

நாலு மாதமாகச் செத்துக் கிடந்த காற்று அன்றைக்குத்தான் மேற்கிலிருந்து எழும்பியிருந்தது. தூற்றியது அத்தனையும் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. வாசல்படிக் கல்லைப் பிடித்து உட்கார்ந்து, கண் செருக இருமினாள். செங்கோடன் உள்ளே ஓடி உறிஞ்சுகிற மருந்தை எடுத்து வந்தார். அவள் அதை வாங்கவில்லை. கையைக் காட்டி, இருங்க என்றாள். மண் தூற்றினால் மூன்று கை தூற்ற வேண்டும். ஒரு கையோடு விட்டால் பலிக்காது.

தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

குப்பாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கைக்குக் குனிந்தாள். செங்கோடன் மருந்தைக் குலுக்கி, மூடியைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.